சம்மத விவாகரத்துக்கு என்னென்ன காகிதம் வேண்டும்? தமிழில் எழுதி ஒட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழில் வரும் சட்டக் கேள்வி பதிலை விடாமல் படிப்பவள் நான். விவாகரத்து என்று எடுத்தால் ஜீவனாம்சம் எவ்வளவு கிடைக்கும், கொடுமைக்கு என்ன ஆதாரம் காட்ட வேண்டும், குழந்தை யார் பக்கம் என்றுதான் கேள்விகள் வருகின்றன. சண்டை போடுகிறவர்களுக்கு வழி சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். சண்டையெல்லாம் ஓய்ந்து, இரண்டு வீட்டாரும் களைத்துப்போய், "சரி, மியூச்சுவல் போட்டுடலாம்" என்று சம்மத விவாகரத்துக்கு முடிவெடுத்து வருகிறவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அவர்களுக்குத்தான் எதுவும் தெரியாமல் இருக்கிறது. பிரிய ஒத்துக்கொண்டதே பிரிந்தது மாதிரி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

எங்கள் ஊர் நீதிமன்ற வளாகத்துக்கு எதிர்ச் சாரியில் ஜாப் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள். மெஷின் போய் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, இப்போது இ-ஃபைலிங்குக்கு ஸ்கேன் எடுத்தும் கொடுக்கிறேன். நான் வக்கீல் இல்லை. வக்கீலும் குமாஸ்தாவும் எழுதிக் கொடுப்பதை அடித்துக் கொடுப்பவள். ஆனால் போட்ட மனு நம்பர் ஆகாமல், அதாவது வழக்கு எண் கிடைக்காமல், 'ரிட்டர்ன்' ஆனால், அதன் முதுகில் என்ன குறை எழுதியிருக்கிறது என்று முதலில் படிப்பது பெரும்பாலும் நான்தான். அந்தக் குறைகளில் முக்கால்வாசி, வீட்டில் இருந்தே சரி செய்துகொண்டு வந்திருக்கக்கூடியவை. அதனால்தான் இந்தக் கடிதம். கடையில் பார்த்ததைச் சொல்லும்போது ஆள் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன்.

முதலில் அந்த 20 ரூபாய் பத்திரம். இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் வீண். கிராமத்துப் பக்கம் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் தாலியையும் சீரையும் திருப்பிக் கொடுத்து, முத்திரைத்தாளில் "இன்று முதல் எங்களுக்குள் எந்தச் சம்பந்தமும் இல்லை" என்று எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி, நோட்டரியிடம் சீல் வைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். சிலர் மகளிர் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்ததை லேமினேட் செய்து வைத்திருக்கிறார்கள். லேமினேட் செய்து கொடுத்தவளும் நான்தான் என்பதால் சொல்கிறேன், அது எதுவும் விவாகரத்து இல்லை. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் 29-ஆம் பிரிவில் வழக்கப்படி தீர்த்துக்கொள்ளும் முறைக்கு இடம் கொடுத்திருக்கிறது, உண்மைதான். ஆனால் எங்கள் சமூகத்தில் இப்படி ஒரு வழக்கம் தொன்றுதொட்டு இருக்கிறது என்று கேள்வி வரும் நாளில் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். அது லேசில் ஆகிற காரியம் இல்லை.

இந்தப் பத்திரத்தை நம்பி மறுகல்யாணம் செய்துகொண்டவர் மேல் முதல் மனைவி புகார் கொடுத்தால், அது உயிரோடு இருக்கும் துணையை வைத்துக்கொண்டு செய்த இரண்டாம் கல்யாணம்தான். பழைய தண்டனைச் சட்டத்தில் 494, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 82-ஆம் பிரிவு, ஏழு ஆண்டு வரை சிறை. புகாரே வராவிட்டாலும், அரசு வேலையில் இருந்தவர் இறந்தபின் குடும்ப ஓய்வூதியத்துக்கு மனு போடும்போது, பதினைந்து வருடம் கூட வாழ்ந்தவள் வெளியே நிற்பாள். ஊர்க் கூட்டத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட பெரியவர்கள் அன்றைக்கு யாரும் வரமாட்டார்கள்.

இதற்கு நேர் எதிராக இன்னொரு நம்பிக்கை இருக்கிறது. "நாங்க ரிஜிஸ்டர் பண்ணவே இல்லையேக்கா, அப்புறம் எதுக்குக் கோர்ட்?" படித்தவர்கள்கூட இப்படிக் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எல்லாத் திருமணமும் பதிவாக வேண்டும்தான். ஆனால் பதியாத கல்யாணம் கல்யாணமே இல்லை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சடங்கோடு நடந்திருந்தால் அது செல்லும். ஐயர் இல்லாமல் மாலை மாற்றியோ மோதிரம் மாற்றியோ தாலி கட்டியோ நடந்த சுயமரியாதைத் திருமணமும் செல்லும், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது அதற்கென்றே இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். செல்லும் கல்யாணத்தை முடிக்க நீதிமன்றம்தான் போக வேண்டும். பதிவுச் சான்று இல்லை என்பதற்காக மனுவும் தடைபடாது. கல்யாணப் பத்திரிகை, தாலி கட்டும் போட்டோ, கோயிலில் நடந்திருந்தால் கோயில் ரசீது, இவற்றை வைத்தே போடுகிறார்கள். விவாகரத்து வாங்குவதற்காகவே முதலில் போய்ப் பதிவு செய்துகொண்டு வாருங்கள் என்று ஒரு தம்பதியை யாரோ அலைய விட்டிருந்தார்கள். பேசிக்கொள்ளாத இருவரை சார்பதிவாளர் முன்னால் ஜோடியாக உட்கார வைத்த அந்தப் புண்ணியவான் யார் என்று தெரியவில்லை.

சரி, கையில் என்ன வேண்டும்? இருவருடைய ஆதார் நகல், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, கல்யாணப் பத்திரிகையின் அசல், ஒரு கல்யாணப் போட்டோ, பதிவு செய்திருந்தால் அந்தச் சான்று, குழந்தை இருந்தால் பிறப்புச் சான்றிதழ், இப்போது தனித்தனியாக இருக்கும் முகவரிக்கு ஏதாவது ஒன்று, பிறகு இருவரும் என்ன பேசி முடித்தார்கள் என்ற சமரச ஒப்பந்தம். வக்காலத்தும் மற்றதும் வக்கீல் பார்த்துக்கொள்வார். அவ்வளவுதான் பட்டியல், நீதிமன்றக் கட்டணமும் சொற்பம்தான். பட்டியல் சின்னது என்பதால்தான் ஆட்கள் அலட்சியமாக இருக்கிறார்கள்.

அதிகம் ரிட்டர்ன் ஆவது பெயரால். நம் ஊரில் பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின்னால் கணவர் இனிஷியல். பத்திரிகையில் வீட்டில் கூப்பிடும் பெயர், பள்ளிச் சான்றிதழில் வேறு பெயர், ஆதாரில் எழுத்துப் பிழையோடு மூன்றாவது பெயர். எல்லாம் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும், காகிதத்துக்குத் தெரியாது. மனுவின் தலைப்பிலேயே 'என்கிற' போட்டு இரண்டு பெயரையும் எழுதச் சொல்லுங்கள். தீர்ப்பாணை எந்தப் பெயரில் வருகிறதோ அதைத்தான் பாஸ்போர்ட் ஆபீஸில் காட்டப் போகிறீர்கள். தீர்ப்பு வந்தபின் எழுத்துப் பிழையைத் திருத்த இன்னொரு மனு, இன்னும் சில வாய்தா. அடித்த நகலைக் கொடுத்து "பேரை மட்டும் ஒரு தடவை எழுத்துக் கூட்டிப் படிச்சிருங்க" என்று நான் சொன்னால், "நீங்க சரியாத்தான் அடிச்சிருப்பீங்க" என்று சொல்லிவிட்டு கையெழுத்துப் போடுகிறார்கள். வெட்கமோ, அவசரமோ, அந்தக் காகிதத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லையோ.

அடுத்தது பிரிந்த தேதி. சம்மத விவாகரத்துக்கான இந்து திருமணச் சட்டம் 13-பி பிரிவு கேட்பது மூன்று விஷயம்: மனுப் போடும் நாளுக்கு முன்னால் ஒரு வருடமாவது பிரிந்து இருந்தார்களா, சேர்ந்து வாழ முடியவில்லையா, இருவரும் மனமொத்து முடிவெடுத்தார்களா. இதில் முதலாவதுக்குத் தேதி வேண்டும். கணவர் ஆடியில் போனாள் என்பார், மனைவி தை மாதம் என்பார். ஒரு மனுவில் பிரிந்து மூன்று வருடம் என்று எழுதியிருந்தது, கூட இணைத்திருந்த பிறப்புச் சான்றிதழில் குழந்தைக்கு ஒன்றரை வயது. நான் ஒன்றும் கேட்கவில்லை, குமாஸ்தாவிடம் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன், அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். தேதியை வீட்டிலேயே பேசி முடித்துக்கொண்டு வாருங்கள். ஒரே வீட்டில் இருக்கிறோம், வாடகை கொடுத்துத் தனியாகப் போக வசதி இல்லை என்பவர்களுக்கு ஒன்று: கணவன் மனைவியாக வாழவில்லை என்பதுதான் கணக்கு, ஒரே கூரைக்குக் கீழேயும் பிரிந்து வாழலாம் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. அதையும் மறைக்காமல் மனுவில் எழுதினால் போதும்.

எந்த ஊரில் போடுவது என்பதற்கும் வீணாக அலைகிறார்கள். கல்யாணம் எங்கோ தூரத்தில் நடந்தது, அங்கேதான் போக வேண்டும் என்று பஸ் ஏறிப் போய்த் திரும்பி வந்தவர்கள் உண்டு. கல்யாணம் நடந்த ஊரில் போடலாம், கடைசியாகச் சேர்ந்து குடியிருந்த ஊரில் போடலாம், 2003-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு மனைவி இப்போது இருக்கும் ஊரிலும் போடலாம். குடும்பநல நீதிமன்றம் இருக்கும் இடத்தில் அங்கே, இல்லாத இடத்தில் சார்பு நீதிமன்றத்தில். பதிவுத் திருமணம் என்றால் எந்தச் சட்டத்தில் செய்தது என்று சான்றிதழைப் பார்த்துக்கொள்ளுங்கள், சிறப்புத் திருமணச் சட்டம் என்றால் மனு 28-ஆம் பிரிவில் போக வேண்டும். கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தில் 2001-ல் சேர்த்த 10-ஏ பிரிவு. சட்டப் புத்தகத்தில் அவர்களுக்குப் பிரிவுக் காலம் இரண்டு வருடம் என்று இருக்கிறது.

இனி மனு. இதில்தான் எனக்குக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல இருக்கிறது. சம்மத மனுவில் எதிர்மனுதாரர் என்று ஒருவர் கிடையாது. கணவர் ஒரு மனுதாரர், மனைவி ஒரு மனுதாரர், இருவரும் சேர்ந்து நீதிமன்றத்திடம் கேட்கிறார்கள். அதனால் அதில் குற்றச்சாட்டுக்கு வேலையே இல்லை. "கருத்து வேறுபாடு காரணமாக" என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும். இதை எங்கள் ஆட்களால் தாங்க முடிவதில்லை. பெண்ணின் அப்பா பத்துப் பக்கம் கைப்பட எழுதிக்கொண்டு வருகிறார், கல்யாணத்தன்று சாப்பாட்டில் உப்பு இல்லை என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னதில் இருந்து. பையனின் அம்மாவிடம் இன்னொரு பத்துப் பக்கம் இருக்கிறது. இதையெல்லாம் சேர்த்தால் அது சம்மத மனுவாக இருக்காது. மறுபடியும் வழக்காகிவிடும்.

ஒரு பெண் என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நான் ஒண்ணும் கெட்டவ இல்லைன்னு ஒரே ஒரு வரி போட்டுருங்கக்கா" என்று கேட்டாள். போட முடியாதும்மா என்று சொல்வதற்குள் எனக்கே தொண்டை அடைத்துவிட்டது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்த வரி இல்லாமல் இருப்பதுதான் அவளுக்கு நல்லது. நாளைக்கு வேலைக்கோ வேறு எதற்கோ அந்தக் காகிதத்தைக் காட்டும்போது படிப்பவனுக்கு அவள் நல்லவளா கெட்டவளா என்ற கேள்வியே வரக்கூடாது. குறையே எழுதாத மனு எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது சண்டை மனுக்களையும் அடிப்பவளுக்குத்தான் தெரியும்.

குற்றம் எழுதத் தேவையில்லை என்று தெரிந்ததும் சிலர் அடுத்த கோடிக்குப் போய்விடுகிறார்கள். ஒப்பந்தத்திலும் ஒன்றும் எழுத வேண்டாம், எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது என்கிறார்கள். "நகைகளைப் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரே வரி. எத்தனை பவுன் போட்டது, எத்தனை திரும்பி வந்தது, எது அடகில் இருக்கிறது, அடகுச் சீட்டு யார் பெயரில், மீட்பது யார்? பெரும்பாலும் சீட்டு கணவர் பெயரில் இருக்கும், நகை மனைவியுடையது. ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் அந்த நகை ஏலத்துக்குப் போகும் அறிவிப்புகூட அவளுக்கு வராது. பணம் என்றால் எவ்வளவு, எந்தத் தேதியில், டிடியா வங்கி மாற்றா, முதல் நாள் பாதி கடைசி நாள் பாதியா என்று எழுதுங்கள். கையில் ரொக்கமாகக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லி, வாங்கவில்லை என்று மறுத்து, கடைசி வாய்தாவில் முறிந்துபோன ஒப்பந்தங்களைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக் கடன் இருவர் பெயரிலும் இருந்தால், விவாகரத்து ஆகிவிட்டது என்று வங்கி யாரையும் விடாது. கடன் போடும்போது இருவரும் போட்ட கையெழுத்து அப்படியே நிற்கும். வீட்டை ஒருவர் பெயருக்கு எழுதிக் கொடுப்பதாகப் பேச்சு இருந்தால், எப்போது எழுதுவது என்று வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குடும்பத்துக்குள் எழுதும் தானசெட்டில்மெண்டுக்கு முத்திரைக் கட்டணத்தில் சலுகை உண்டு. தீர்ப்பு வந்த மறுநாள் நீங்கள் குடும்பம் இல்லை.

குழந்தை விஷயத்திலும் அப்படித்தான். "குழந்தை தாயிடம் இருக்கும்" என்பது போதாது. மாதம் எந்த நாளில் அப்பா பார்ப்பது, எங்கே, தீபாவளி பொங்கல் யாரோடு, பள்ளிக் கட்டணம் யார் கட்டுவது, டி.சி. வாங்க யார் கையெழுத்து, பிறப்புச் சான்றிதழின் அசல் யாரிடம். குழந்தைக்கு ஒரு பைசா வேண்டாம் என்று ரோஷத்தில் எழுதிக் கொடுக்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஜீவனாம்சத்தை நீங்கள் விட்டுக்கொடுக்கலாம். பிள்ளையின் பங்கு உங்களுடையது இல்லை, அது பிள்ளையுடையது, அதை நீங்கள் எழுதிக் கொடுத்தாலும் பிள்ளை பிறகு கேட்கலாம்.

ஏற்கெனவே மகளிர் ஸ்டேஷனில் வரதட்சிணைக் கொடுமை வழக்குப் பதிவாகியிருந்தால், சம்மத மனு போட்டதும் அது தானாகப் போய்விடாது. அதை ரத்து செய்ய உயர் நீதிமன்றம் வரை போக வேண்டும், எங்கள் பக்கத்துக்கு மதுரைக் கிளை. அந்தச் செலவு யாருடையது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது. ஜீவனாம்ச வழக்கு, குடும்ப வன்முறை வழக்கு எது நிலுவையில் இருந்தாலும் நம்பரோடு எழுத வேண்டும். இருவருக்கும் ஒரே வக்கீல் வைத்துக்கொள்வது மலிவுதான். என் அபிப்பிராயத்தில், ஒப்பந்தத்தை மட்டுமாவது பெண் தரப்பில் இன்னொருவர் படித்துப் பார்க்க வேண்டும்.

மனு நம்பர் ஆனதும் இருவரும் நேரில் போய், நீதிபதி கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு வந்தால், முடிந்தது என்று ஸ்வீட் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். முடியவில்லை. சட்டப்படி ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள், இருவரும் மறுபடி வந்து அப்போதும் சம்மதம் என்று சொல்ல வேண்டும். நடுவில் ஒருவர் மனம் மாறிச் சம்மதத்தைத் திரும்பப் பெற்றால் மனு நிற்காது. அதற்குத்தான் அந்த ஆறு மாதம். இந்தக் காத்திருப்பு கட்டாயம் இல்லை, நிலைமையைப் பார்த்து நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதையும் பாதி கேட்டுவிட்டு வருகிறார்கள். தானாகக் கிடைக்காது. தனி மனு போட வேண்டும். மனுப் போடுவதற்கு முன்பே ஒன்றரை வருடம் பிரிந்திருக்க வேண்டும், சமரசப் பேச்சு நடந்து பலிக்காமல் போயிருக்க வேண்டும், ஜீவனாம்சமும் குழந்தையும் முழுக்கப் பேசி முடிந்திருக்க வேண்டும். அதாவது ஒப்பந்தம் ஒழுங்காக இருந்தால்தான் அந்தச் சலுகையும். "ஒரே வாரத்தில் டைவர்ஸ்" என்று போனில் விளம்பரம் வருகிறதாம். முதல் மனு போட்டு ஒரு வாரம் கழித்து இந்தத் தள்ளுபடி மனுவைப் போடலாம் என்பதைத்தான் இப்படித் திரித்து விற்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் பாடு தனி. மாப்பிள்ளை துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பார், லீவு கிடைக்காது. அவர் அம்மா அப்பா பெயருக்கு அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பலாம், ஆனால் வாட்ஸப்பில் வந்த படம் போதாது. அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கிய அசல் வர வேண்டும், இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். இந்த மூன்று மாதத்தைத் தவற விட்டு, மறுபடி அங்கே எழுதி வாங்கியவர்கள் உண்டு. வீடியோவில் ஆஜராக அனுமதி கேட்கலாம், அதற்கும் மனு வேண்டும்.

தீர்ப்பு வந்தபிறகு நடப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. அந்தக் காகிதத்தை வாங்கவே வராதவர்கள் இருக்கிறார்கள். வழக்குக் கட்டு வக்கீல் ஆபீஸ் அலமாரியில் கிடக்கும், நான்கு வருடம் கழித்து மறுகல்யாணம் நிச்சயமானதும் ஓடி வருவார்கள். இந்து திருமணச் சட்டம் 23-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவைப் படித்துப் பாருங்கள். விவாகரத்துத் தீர்ப்பாணையின் நகல் ஒன்றை இரு தரப்புக்கும் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. கேட்டு வாங்குகிறவர்கள் மிகக் குறைவு, இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கூடவே சான்றளிக்கப்பட்ட நகல் இரண்டு மூன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் கணவர் பெயரை நீக்க அது வேண்டும். குடும்ப அட்டையில் பெயர் நீக்கித் தனி அட்டை வாங்க அது வேண்டும். தனி அட்டை இல்லாவிட்டால் மகளிர் உரிமைத் தொகை ஆயிரத்துக்குக்கூட மனு போட முடியாமல் நிற்கிறார்கள், ஒரு அட்டைக்கு ஒரு பெண் என்பதுதான் கணக்கு. பி.எஃப்., எல்.ஐ.சி., வங்கிக் கணக்கு என்று எல்லா இடத்திலும் நாமினியை நீங்களேதான் போய் மாற்ற வேண்டும். நீதிமன்றம் யாருக்கும் கடிதம் போடாது.

நான் கேட்பது இரண்டு. மாவட்ட அளவில் நீதிமன்ற மொழி தமிழ்தான், மனுவைத் தமிழில் போடலாம். அப்படியிருந்தும் பல மனுக்கள் ஆங்கிலத்தில் தயாராகின்றன, பழைய மனுவில் பெயரையும் தேதியையும் மாற்றினால் வேலை முடிகிறது என்பதால். "மேற்கண்டவை எங்கள் அறிவுக்கு எட்டியவரை உண்மை" என்று உறுதிமொழியில் கையெழுத்துப் போடுகிறவருக்கு மேற்கண்டது என்ன என்றே தெரியாது. ஆங்கில மனு அடிப்பதில் எனக்கும் வருமானம் உண்டு, இருந்தாலும் சொல்கிறேன், சம்மத மனுவையும் ஒப்பந்தத்தையும் தமிழில் எழுதுங்கள். கையெழுத்துக்கு முன் ஒரு முறை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

இன்னொன்று, ஒவ்வொரு நீதிமன்ற வாசலிலும் "கைபேசியை அணைத்து வைக்கவும்" என்று பலகை இருக்கிறதே, அதற்குப் பக்கத்தில் என்னென்ன காகிதம் வேண்டும் என்று ஒரு தாள் தமிழில் ஒட்டட்டும். அதிலேயே, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் கிடைக்கும் என்பதையும் எழுதட்டும். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில் இருக்கும் உரிமை அது, பெரும்பாலும் அதே வளாகத்துக்குள்தான் அந்த அலுவலகமும் இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்கு போன் செய்தாலும் வழி சொல்வார்கள். தெரியாமல் எதிர்ச் சாரியில் இருக்கும் என்னிடம் வந்து, "கம்மியா வாங்குற வக்கீல் யாருக்கா?" என்று கேட்கிறார்கள்.

நீதிமன்றம் ஒட்டும் வரை, உங்கள் கேள்வி பதில் பகுதியில் ஒரு கட்டம் கட்டி இந்தப் பட்டியலை வெளியிட்டால் போதும். கடைக் கண்ணாடியில் நானே ஒட்டிக்கொள்கிறேன்.

கடை வைத்திருப்பதாலும், வருகிறவர்கள் சங்கடப்படக் கூடாது என்பதாலும் பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஜாப் டைப்பிங் கடை நடத்தும் ஒரு வாசகி